உஷார்! புல் வெட்டும் மிஷின் ஓடுகிறதா? 50 அடி தள்ளி நில்லுங்கள்

மழை விட்டு நாலு நாள் வெயிலடித்தால் போதும், சாகுபுரத்தைச் சுற்றி அந்த இரைச்சல் தொடங்கிவிடும். ஆறுமுகநேரி ரோட்டோரம், உப்பளத்துக்குப் போகிற வண்டிப்பாதை, காலி மனை என்று எங்கே திரும்பினாலும் தோளில் பெல்ட் மாட்டிய ஒருவர் பிரஷ் கட்டரை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் நாலைந்து பேர் அரிவாளோடு நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலை. கருவி நல்ல கருவிதான். நாம் அதைக் கையாளுகிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பத்தடி தூரத்தில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய கைலி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. பிளேடுக்கு மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி இல்லை. 'டங்' என்று ஒரு சத்தம். பின்னால் இருந்த கடை ஷட்டரில் புதுசாக ஒரு குழி. கீழே கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தேன், புளியங்கொட்டை அளவுதான். அந்தக் குழி இருந்த உயரத்துக்குச் சரியாக, ரெண்டடி தள்ளி, யூனிபார்ம் போட்ட ஒரு சின்னப் பிள்ளையின் முகம் இருந்தது.

"அண்ணாச்சி, கண்ணாடி போடலையா?" என்றேன். "போட்டா வேர்த்து மூடிக்கிடுது, ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்றார். "மூடி எங்க?" "புல்லு அடைக்குதுன்னு கழட்டியாச்சு." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஷினை வாடகைக்குக் கொடுத்தவரும் வேலைக்குக் கூப்பிட்டவரும் அவருக்கு எதையும் சொல்லித்தரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வந்தே பாரத் ரயிலின் உச்ச வேகத்தைப் போல இரண்டு மடங்கு. பிளேடு இல்லை, வெறும் நைலான் நரம்புதானே என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் அதுவும் கல்லைத் தூக்கி அடிக்கும். அதனால்தான் 15 மீட்டருக்குள், அதாவது 50 அடிக்குள், வேறு யாரும் வரக்கூடாது என்று மிஷினிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெட்டுகிறவர் பிளேடைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல் போய் விழுவது வேடிக்கை பார்ப்பவர் மேல், பைக்கில் போகிறவர் மேல், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை நடக்கிறவர் மேல்.

நம் மண்ணையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது மறந்திருக்காது. அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பாட்டில் சில்லு, கம்பி, ஆணி எல்லாம் எங்கே போயிருக்கும்? எத்தனையோ புதருக்குள் இன்னமும் கிடக்கும். போதாததற்குக் கடற்கரை மண்ணில் சிப்பி ஓடு வேறு. மிஷினை ஸ்டார்ட் பண்ணும் முன் ஒரு கம்பால் புல்லை விலக்கி, நடந்து பார்த்து, பொறுக்கிப் போட்டுவிட்டு வாருங்கள். பத்து நிமிட வேலை.

சீமைக்கருவேலம் இன்னொரு எமன். புல் பிளேடை மாட்டிக்கொண்டு கருவேலங்கட்டையில் கொடுத்தால் மிஷின் எகிறும். பிளேடை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் இருக்கிற பாகம் கட்டையில் பட்டால், வெட்டுகிறவரையும் சேர்த்து வலப்பக்கம் உதறித் தள்ளும். கட்டைக்கு அதற்கென்று உள்ள ரம்பப் பிளேடைத்தான் மாட்ட வேண்டும். அதையும் இடப்பக்கத்தால் கொடுக்க வேண்டும். பெரிய மரமென்றால் இந்த மிஷினே வேண்டாம்.

பிளேடைப் பிடித்திருக்கிற நட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலான மிஷின்களில் அது இடமரை. வழக்கமாகத் திருகுவது போல வலப்பக்கம் திருகினால் கழலும். 'நல்லா டைட் வச்சாச்சு' என்று நினைத்துத் தளர்த்திவிட்டு ஓட்டினால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று அதை அரித்துவிடும். வெறும் விரலாலேயே லேசாகச் சுற்றுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு புது நட்டு வாங்குங்கள். பட்டறையில் வெல்டிங் வைத்த பிளேடைக் கையாலும் தொடாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நைலானுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலித் துண்டுகளை மாட்டிய 'தலை' ஒன்று விற்கிறார்கள். முள்ளையும் வெட்டும், அறுந்து போகாது என்பார்கள். அறுந்து போகும். ஒரு கண்ணி கழன்றால் அது துப்பாக்கிக் குண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கிலித் தலைகள் ஒரு குழந்தையின் உயிரைக் குடித்த பிறகு, 2000-ல் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் அந்த வகையையே சந்தைக்கு வரக்கூடாது என்று தடுத்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள். அடுத்தவருக்கு விற்காதீர்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது மிஷினை அணைத்து, சைலன்சர் ஆறும்வரை பொறுங்கள். பக்கத்தில் காய்ந்த பனையோலைச் சருகு இருந்தால் தள்ளிப் போய் ஊற்றுங்கள். ஷூ, கெட்டித் துணி பேன்ட், காதுக்கு அடைப்பான் மூன்றும் கட்டாயம். கண்ணாடி வேர்க்கிறது என்பவர்கள் காற்றோட்டம் உள்ள கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் வலை முகமூடியை மாட்டலாம். வலை மட்டும் போதாது, மணல் உள்ளே வரும்.

இவ்வளவுக்கும் மேல் கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ன் முதல் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது பூஞ்சை. இலையும் முள்ளும் கீறினால் அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அதனால் தாய்ப்பால் விடாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் கொழுக்கும். தூசியென்றால் சுத்தமான தண்ணீரால் அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கவும் கூடாது, அலசவும் கூடாது. காகிதக் கப்பைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து, பிளாஸ்டர் ஒட்டி, தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ கண் டாக்டரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள். வலி குறைந்துவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று அடிபட்டவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.