புறப்படுமுன் கணக்கை முடியுங்கள்

சீனாவின் குவாங்சோ நகரில் ஆங்கிலம் கற்பிக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவரை நான் அறிவேன். மனிலாவுக்கே திரும்பிவிட ஆயத்தமாகிறார். பெட்டி கட்டுவதைவிடக் காகிதங்களைத் திரட்டுவதே அவருக்குப் பெரும் வேலை.

சம்பளமாகச் சேர்த்த யுவானை டொலராக மாற்ற, வருமான வரி செலுத்திய சான்றை வங்கி கேட்கிறது. 2011 முதல் வெளிநாட்டு ஊழியர்களும் சீன சமூகக் காப்புறுதியில் சேர்க்கப்படுகின்றனர். ஓய்வூதியத்துக்கெனச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட 8 சதவீதத்தை, நாட்டைவிட்டுப் போகும்போது விண்ணப்பித்து மொத்தமாகப் பெறலாம். விண்ணப்பிக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். ஆகவே வங்கிக் கணக்கைக் கடைசியாகவே மூட வேண்டும்.

குவாங்சோ, ஈவூ சந்தைகளுடன் நம்மவரும் கொடுக்கல் வாங்கல் செய்கின்றனர். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. முற்பணப் பற்றுச்சீட்டுகளை இன்றே ஒரு கோவையில் இட்டு வையுங்கள்.