காலையில் அரை மணி நேரம்தான் கதவு திறக்கும்!

'தொண்டு நிறுவனத்துல வேலை' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், சுற்றிலும் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள்... காலண்டர் படம் மாதிரிதானே? உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ அப்படியொரு கனவில் இருந்தால், சம்மதிப்பதற்கு முன்னாலும் சரி, சண்டை போடுவதற்கு முன்னாலும் சரி, இதைப் படித்துவிடுங்கள்.

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 1971-ல் பாரீஸில் சில டாக்டர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கியது. 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. செலவுக்கான பணத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேல் பொதுமக்கள் கொடுப்பதுதான். நம் நாட்டிலும், பீகாரில் காலா அஸார் காய்ச்சலுக்கு 2007 முதல் சில வருடங்கள் சிகிச்சை அளித்தார்கள்.

டாக்டர்கள் மட்டும்தான் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு! தடுப்பூசி மருந்து 2 டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலேயும் போகக்கூடாது. கரண்டே இல்லாத ஊரில் அந்த ஃப்ரிட்ஜை ஓட வைக்க ஒரு ஆள் வேண்டாமா? கிணறு தோண்ட, ஜெனரேட்டர் பார்க்க, கணக்கு எழுத என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. அதில் பெரும்பாலானோர் அந்தந்த ஊர்க்காரர்கள். நிலைமை மோசமானால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் விமானம் ஏறிவிடலாம். உள்ளூர் நர்ஸ் எங்கே போவார்? 2015 அக்டோபர் 3-ம் தேதி ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் இவர்கள் ஆஸ்பத்திரி மீது அமெரிக்க விமானம் குண்டு வீசியதில் 42 பேர் இறந்தார்கள். அதில் 14 பேர் ஊழியர்கள். அத்தனை பேரும் ஆப்கானியர்கள்.

மனசு நிறைகிற வேலைகளும் உண்டு, இல்லாமல் என்ன! குழந்தையின் புஜத்தைச் சுற்றி ஒரு கலர் டேப்பை வைத்து அளப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று அர்த்தம். உடனே வேர்க்கடலையும் பால்பவுடரும் கலந்த பேஸ்ட் பாக்கெட் கைக்கு வரும். நம்ம கடலை மிட்டாய்க்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். குழந்தை தானே பிதுக்கிச் சாப்பிடும். சில வாரங்களில் டேப் பச்சைக்கு நகர்வதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே...

ஆனால், எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. 2014-ல் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் எபோலா தலைவிரித்தாடிய நேரம். இவர்களுடைய சிகிச்சை மையத்தில் படுக்கையே கிடையாது. காலையில் அரை மணி நேரம்தான் கதவைத் திறப்பார்கள். ராத்திரி எத்தனை பேர் இறந்தார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேருக்குத்தான் உள்ளே இடம். மற்றவர்களிடம் 'இடமில்லை' என்று யாராவது சொல்லியாக வேண்டுமே? பெல்ஜியத்திலிருந்து வந்த மானிடவியலாளர் ஒருவர் அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் டாக்டர் இல்லை! படித்த மனிதர் ஒருவர் தன் டீன்ஏஜ் மகளைக் காரில் கொண்டுவந்து கெஞ்சினாராம். 'இவளைக் காப்பாற்ற முடியாதுன்னு தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டாமல் இருக்கவாவது சேர்த்துக்கொள்ளுங்கள்' என்கிற அர்த்தத்தில். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுததாக அவரே எழுதியிருக்கிறார்.

உள்ளே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. அந்தக் கவச உடைக்குள் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிசு, அப்படியொரு புழுக்கம்! ஜோடியாகத்தான் போகணும். ஒருத்தர் கையுறை கிழிந்திருக்கிறதா என்று மற்றவர் பார்க்கணும். வெளியே வந்தால் சக ஊழியரோடு கைகுலுக்கக்கூட அனுமதி இல்லை. அப்படியும், அந்த வருடம் பரவிய நோயில் இவர்கள் ஊழியர்கள் 28 பேருக்குத் தொற்றியது. 14 பேர் இறந்துபோனார்கள்.

ஊர் திரும்பினாலும் விட்டபாடில்லை. எபோலா என்றால் 21 நாள் தினமும் காய்ச்சல் பார்க்கணும். அது முடிந்த பிறகும் தூக்கம் கெடுவது, சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் சாமானைப் பார்த்ததும் எரிச்சல் வருவது, 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் பதிலே வராமல் போவது... இதையெல்லாம் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வருகிறவர்களுக்கு மனநல ஆலோசனை தருவதற்கென்றே அந்த அமைப்பில் ஆட்கள் உண்டு. கூச்சப்படாமல் பேசச் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்தும் தூக்கம் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சொந்தக்காரர்களைக் கூட்டி வரவேற்பு, அடுத்த நாளே ஜாதகக் கட்டு... வேண்டாமே! முதல் ஒரு வாரம் அவர்கள் சொல்வதை மட்டும் கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், ரசம் சாதம் போட்டுத் தூங்க விடுங்கள்.