காற்றுக்கும் காவல்காரன் உண்டு!

குட்டீஸ்... காலை நேரத்தில், ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் விழும் சூரிய ஒளியைக் கவனித்திருக்கிறீர்களா? அதில், ஆயிரக்கணக்கான தூசிகள் மிதந்து நடனமாடுவது தெரியும். அவ்வளவு தூசி உள்ள காற்றைத்தான் நாம் தினமும் சுவாசிக்கிறோம். பெரும்பாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால், தூசியை மிக மிகக் குறைவாக வைத்திருக்க வேண்டிய கட்டடங்கள் சில உள்ளன. அவைதான், உயிரி மருந்து தயாரிக்கும் ஆலைகள்.

அதென்ன உயிரி மருந்து?

காய்ச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரையை ரசாயனங்களைக் கலந்து தயாரிக்கின்றனர். சில மருந்துகளை அப்படிச் செய்ய முடியாது. உயிருள்ள செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவற்றையே மருந்து சுரக்க வைக்கின்றனர். அந்தச் செல்களுக்குக் குழந்தை போலப் பராமரிப்பு வேண்டும். வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். சத்து நீர், ஆக்சிஜன் எல்லாம் அளவோடு கிடைக்க வேண்டும். முக்கியமாக, கிருமி எதுவும் நெருங்கக் கூடாது.

நெருங்கினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 'ஜென்சைம்' நிறுவனத்தின் ஆலை இருந்தது. 'காஷே' என்ற அரிய நோய்க்கான மருந்து அங்கு தயாரானது. பிறவியிலேயே உடலில் ஒரு நொதி குறைவதால் வரும் நோய் இது. மண்ணீரல் வீங்கும்; எலும்புகள் பலவீனமாகும். இதனால் பாதிக்கப்பட்டோரில் உங்கள் வயதுக் குழந்தைகளும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அந்த மருந்தை ரத்தக் குழாய் வழியே ஏற்றிக் கொண்டால், நன்றாக ஓடியாடி விளையாட முடியும்.

கடந்த 2008ல், தொட்டியில் இருந்த செல்கள் சரியாக வளரவில்லை. வழக்கமான சோதனைகளில் காரணம் பிடிபடவில்லை. 2009 ஜூனில், மீண்டும் அதே தொல்லை. இம்முறை, தனிச் சோதனை செய்து பார்த்தபோது, 'வெசி வைரஸ்' என்ற கிருமி சிக்கியது! மனிதர்களுக்கு அது கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால், செல்களை வளர விடாது. செல்களுக்கு ஊட்டிய சத்துப் பொருள் வழியாக அது வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

உற்பத்தியை நிறுத்தி, ஆலையைக் கிருமிநீக்கம் செய்தனர். மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நோயாளிகள் பலர், பல மாதங்கள் குறைந்த அளவு மருந்தோடு சமாளிக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி செய்த வேலையைப் பார்த்தீர்களா?

தூசியை விரட்டிய விஞ்ஞானி

'வில்லிஸ் விட்ஃபீல்ட்' என்பவர், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி. எவ்வளவு துடைத்தாலும் தூசி அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதைக் கவனித்த அவர், 1960களின் தொடக்கத்தில் ஒரு யோசனை சொன்னார். வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழாக, நேராக ஓட விட வேண்டும். அது தூசியை அடித்துக் கொண்டு, துளையிட்ட தரை வழியே வெளியேறி விடும். இதுதான் இன்றைய, 'சுத்த அறை'களுக்கு அடிப்படை.

மருந்தைக் குப்பியில் நிரப்பும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில், அரை மைக்ரான் அல்லது அதைவிடப் பெரிய தூசிகள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண அறையிலோ, இவை கோடிக்கணக்கில் இருக்கும். அரை மைக்ரான் என்பது, நம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு!

தூங்காத காவலர்கள்

இதையெல்லாம் மனிதர்களே 24 மணி நேரமும் கண்காணிக்க முடியுமா? அதற்குத்தான், 'சென்சார்' எனும் உணர்கருவிகள் உள்ளன.

* சுத்த அறையில், காற்றழுத்தம் பக்கத்து அறையை விடச் சற்று அதிகமாக இருக்கும். ஓட்டை பலூனில் காற்று வெளியேதானே வரும்? அதுபோல, கதவைத் திறந்தாலும் காற்று வெளியே தள்ளும்; தூசி உள்ளே வராது. அழுத்தம் குறைந்தால், உடனே மணி அடிக்கும்.

* உள்ளே போகும் வழியில் இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும்.

* வீட்டு மின்விசிறி கெட்டுப் போகும் முன், 'கடகட' என்று சத்தம் போடுமே... அதுபோல, மோட்டாரின் அதிர்வு மாறுவதை உணர்கருவி முன்கூட்டியே சொல்லிவிடும். நின்று போகும் முன்பே பழுது பார்த்து விடலாம்.

* எல்லா அளவுகளும் கம்ப்யூட்டரில் பதிவாகும். யார், எப்போது, எதை மாற்றினாலும் அதுவும் பதிவாகும். ரப்பர் போட்டு அழிக்க முடியாது!

ஆனால் குட்டீஸ், மணி அடிப்பதோடு கருவியின் வேலை முடிந்து விடும். ஓடிப்போய், 'ஏன் அடித்தது?' என்று பார்க்க வேண்டியது மனிதர்தான். 'சின்ன விஷயம்தானே' என்று அவர் அலட்சியமாக இருந்தால், எங்கோ ஒரு குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போகலாம்.

அடுத்த முறை சூரிய ஒளியில் தூசி ஆடுவதைப் பார்த்தால், அதை ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டிருக்கும் அந்தக் காவலர்களை நினைத்துக் கொள்ளுங்கள்!