குரலுக்காகப் பிறந்த பெட்டி

உயர்தர ஆடியோ என்று பேச்செடுத்தாலே பலரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். ஆளுயர ஸ்பீக்கரும், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபையரும் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம் என்று நினைக்கிறார்கள். பல வருடமாகப் பாட்டுக் கேட்கிறவன், கேட்கிற நண்பர்களின் வீட்டுக்குப் போய் ஸ்பீக்கர் வைத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் என் அளவுகோல் வேறு. நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் பேச்சுக் குரலை உள்ளது உள்ளபடி கொண்டுவந்து நிறுத்தினால் அது நல்ல கருவி. அதில் தவறினால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் பயனில்லை.

இந்த அளவுகோலோடு பிறந்த ஸ்பீக்கர் ஒன்று உண்டு. உயரம் ஓரடி, அகலம் ஏழரை அங்குலம், ஆழம் ஆறேகால் அங்குலம். பெயர் எல்எஸ்3/5ஏ. கடைக்காரர் யாரும் வைத்த பெயரல்ல, பி.பி.சி. வானொலியின் அலுவலகக் குறியீடு. எல்எஸ் என்பது லவுட்ஸ்பீக்கர். 3 என்றால் வெளிப்புற ஒலிபரப்புக்கானது. 5 வரிசை எண். ஏ என்பது திருத்தப்பட்ட வடிவம்.

ஸ்டூடியோவுக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப பி.பி.சி. வேன்களை அனுப்பும். உள்ளே இடம் கொஞ்சம். பொறியாளரின் முகத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தால் அதிகம். ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கர்கள் அங்கே நுழையாது. ஹெட்ஃபோனை நம்பிக் குரலின் தரத்தை முடிவு செய்யவும் முடியாது. ஆகவே சின்ன ஸ்பீக்கர் வேண்டும், அதே சமயம் பெரிய ஸ்டூடியோ ஸ்பீக்கர் சொல்லும் உண்மையையே அதுவும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்ற மாளிகையில் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. புதிய ஸ்டூடியோக்களைக் கட்டுவதற்கு முன் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, அதற்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, ஒலியின் அதிர்வெண்ணை எட்டு மடங்காக உயர்த்தியாக வேண்டும். அந்த வேலைக்கென்று செய்த சிறிய ஸ்பீக்கர் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலித்தது. அங்கிருந்துதான் வேனுக்கான ஸ்பீக்கருக்கு வழி கிடைத்தது. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் என்ற மூவர் 1976இல் எழுதிய ஆராய்ச்சி அறிக்கையில் இதன் வடிவமைப்பு முழுவதும் இருக்கிறது. பொதுமக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பொதுமக்களும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அந்தப் பண்புக்காகவே இந்தப் பெட்டியின் மேல் எனக்குத் தனி மரியாதை.

உள்ளே இருப்பவை இரண்டு யூனிட்கள். இரண்டும் ரேமண்ட் குக் என்பவர் 1961இல் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய கெஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. கீழே, தாழ்ந்த ஒலிகளுக்கு பி110 என்ற ஐந்து அங்குல வூஃபர்; மேலே, உச்ச ஒலிகளுக்கு டி27 என்ற சிறிய ட்வீட்டர். வூஃபரின் கூம்பு காகிதத்தால் ஆனதல்ல, பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். காகிதக் கூம்பு ஒன்றுபோல ஒன்று வராது, ஈரப்பதத்துக்கும் மாறும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு. ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும். பெட்டியின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக வரும் ஒலியோடு கலக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி கனமாக இருக்க வேண்டும் என்பது பொது நம்பிக்கை. பி.பி.சி. எதிர்த்திசையில் போனது. மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் பெட்டியைச் செய்து, உட்புறம் முழுக்க அதிர்வை விழுங்கும் பொருளை ஒட்டினார்கள். கனமான பலகை அதிரத் தொடங்கினால் குரல் வாழும் பகுதியிலேயே அதிரும், அடங்கவும் நேரமாகும். மெல்லிய பலகையின் அதிர்வு அதற்குக் கீழே இறங்கிவிடும், உள்ளே ஒட்டிய பொருள் அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். பெட்டியைக் கல்லாக்கப் பார்க்காமல், அதன் சத்தம் குரலின் வழியில் வராதபடி ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து ஆடியோ உலகின் மிக அறிவார்ந்த முடிவுகளில் இது ஒன்று.

ஒரு வேனில் வேலை பார்த்தவர் அடுத்த நாள் இன்னொரு வேனில் உட்கார்ந்தால் அங்கேயும் அதே ஒலி கேட்க வேண்டும் என்பது பி.பி.சி.யின் கண்டிப்பு. அதற்காக, ஒலியை இரண்டு யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரிலேயே வசதி வைத்தார்கள். யூனிட்டுக்கு யூனிட் இருக்கும் சிறு வித்தியாசத்தை ஈடுகட்ட, ட்வீட்டரின் அளவை ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல நிறுவனங்கள் உரிமம் பெற்று இதைத் தயாரித்தன. யார் செய்தாலும் பி.பி.சி. வகுத்த அளவுக்குள் நிற்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பின் பலன் கர்நாடக இசை கேட்பவருக்கு நேரடியாகக் கிடைக்கிறது. நாம் பொக்கிஷமாக வைத்திருக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், பாடகர் நடுவில், காற்றில், ஓர் இடத்தில் உட்கார்ந்து பாடுவார். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் குரல் அகன்று பரவிவிடும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு பக்கம் சாயும். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்களை இன்றே ஒரு மோனோ பதிவு வைத்துச் சோதிக்கலாம், செலவு கிடையாது.

எல்எஸ்3/5ஏ கீழே சுமார் 80 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு கட்டையில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. தம்பூராவின் மந்தரக் கம்பி அதில் பாதி, அதாவது சுமார் 65. இந்த ஸ்பீக்கர் அதை முழு அளவில் தராது. ஆனாலும் தம்பூரா முழுமையாகக் கேட்கிறது. காரணம், குதிரையில் ஜீவா நூல் வைத்துப் பிரித்தெடுக்கும் மேல்சுரங்களில்தான் தம்பூராவின் உயிர் இருக்கிறது. அவை சுத்தமாக வந்துவிட்டால், அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்துச் சேர்த்துக்கொள்கிறது. எம்.டி.ராமநாதனின் மந்தர சஞ்சாரங்களை இதில் கேட்கும்போது குரலின் கனம் குறைந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தஞ்சாவூரில் இருக்கும் அண்ணன், என் பெரியப்பா மகன், ஓய்வு பெற்ற கையோடு நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று கூப்பிட்டார். தெரிந்த கடைக்காரர் இரண்டு ஜோடிகளை வீட்டுக்கே அனுப்பியிருந்தார். என் எல்எஸ்3/5ஏவையும் காரில் எடுத்துப் போனேன். பாட்டை வைத்துக் கேட்பதற்கு முன் குரலை வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். பி.பி.சி. பொறியாளர்கள் ஸ்டூடியோவில் நேராகக் கேட்பதையும் ஸ்பீக்கரில் வருவதையும் மாறி மாறி ஒப்பிட்டுத்தான் தங்கள் ஸ்பீக்கர்களைத் தேர்ந்தார்கள். அதையே வீட்டளவில் செய்தோம்.

விடிகாலையில் அண்ணியை மொட்டை மாடியில் நிற்கவைத்து, அன்றைய செய்தித்தாளைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். அறைக்குள் பதிந்தால் அந்த அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும். பிறகு ஹாலில் ஒற்றை ஸ்பீக்கரை வைத்து, பக்கத்தில் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் ஒரு வாக்கியம் படிப்பார், ஸ்பீக்கர் அதே வாக்கியத்தைச் சொல்லும். சத்தம் அவர் பேசும் அளவிலேயே இருக்க வேண்டும். கூட்டி வைத்தால் எந்தக் குரலும் இயல்பைவிடக் கனத்துக் கேட்கும்.

“தம்பி, என் குரல் இப்படியா இருக்கு? வேற யாரோ மாதிரி இருக்கே!” என்றார் அண்ணி.

“நீங்க தீர்ப்புச் சொல்லக் கூடாது அண்ணி, அண்ணன்தான் சொல்லணும்” என்றேன். நம் குரலை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறோம். அதனால் பதிவில் வரும் நம் குரல் நமக்கே அந்நியமாகத்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

எதைக் கவனிக்க வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ம், ன், ங் போன்ற மெல்லின ஒலிகள் பெட்டியின் குறையைக் காட்டிக்கொடுக்கும். பெட்டி கூடவே அதிர்ந்தால் ‘மாமன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து முடிந்த பிறகும் ஒரு ரீங்காரம் தங்கும். ட, ற போன்ற வல்லினம் பளிச்சென்று வெடித்து நிற்க வேண்டும், மழுங்கினால் வூஃபர் சோம்பல். ச, ஸ ஒலிகள் சீறினால் ட்வீட்டர் அதிகப்படி. கடை அனுப்பியதில் விலை கூடிய ஜோடி மெல்லினத்திலேயே தோற்றது. “குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குடா” என்றார் அண்ணன். இன்னொரு ஜோடி தேறியது. என்னுடையது ஓடியபோது, பேசுவது அண்ணியா ஸ்பீக்கரா என்று சில வாக்கியங்களில் அவரால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது அறை. கருவிக்குச் செலவழிப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலேயர் வீடுகளில் பெரும்பாலும் மரத்தளம், அதன் மேல் கனத்த கார்ப்பெட். நம் வீட்டில் கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், மார்பிளோ டைல்ஸோ பதித்த தரை. அண்ணன் ஹாலில் கைதட்டினால் ‘டிர்ர்’ என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்கும். அந்த டிர்ர் ஒவ்வொரு சுரத்தின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். பக்கச் சுவரின் வெற்றிடத்துக்கு அண்ணனின் திறந்த புத்தக அலமாரியை நகர்த்தினோம், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். எந்த ஆம்ப்ளிஃபையர் மாற்றமும் தராத தெளிவு வந்தது.

கீழ்ச்சுருதிக்கு ஜமுக்காளம் போதாது. சுவருக்குச் சுவர் நாலு மீட்டர் இருக்கும் அறையில் 43 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி மாட்டிக்கொண்டு சுழலும். மரவீடு அதில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும், கான்கிரீட் விடாது. அதனால்தான் பெரிய வூஃபர்கள் நம் ஹால்களில் ‘கும்’மென்று இரைகின்றன. சின்ன ஸ்பீக்கர் அந்தப் பகுதியைக் கிளறுவதே இல்லை. பெரிய ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் மூலையில் வைக்காமல், சுவரைவிட்டு இரண்டு மூன்று அடியாவது முன்னால் இழுத்து வைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வயரைப் பற்றி ஒரே வார்த்தை. போதுமான தடிப்புள்ள சாதாரணத் தாமிர வயர் போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசை நல்ல பதிவுகள் வாங்கச் செலவழியுங்கள்.

இந்தப் பெட்டியின் எல்லையையும் சொல்லாவிட்டால் அநியாயம். இதன் உணர்திறன் 82 டெசிபெல் சொச்சம். 3 டெசிபெல் கூட்ட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். இதுவோ 25 வாட்டுக்கு மேல் தாங்காது. பாட்டு, வீணை, புல்லாங்குழல், வயலின் எல்லாம் இதற்கு வசப்படும். மிருதங்கத்தின் தொப்பியில் வரும் கும்காரம் கேட்கும், ஆனால் நெஞ்சில் வந்து தட்டாது. தவிலை இது தாங்காது. தவிலை இதில் கேட்பது தவிலுக்குச் செய்யும் மரியாதையல்ல.

கெஃப் அந்த யூனிட்களின் தயாரிப்பை நிறுத்தியதோடு, 1990களின் கடைசியில் பழைய எல்எஸ்3/5ஏவின் காலம் முடிந்தது. பி110, டி27 இரண்டையும் கெஃபில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம், அவற்றைத் திரும்ப உருவாக்கி இன்று புதிதாகத் தயாரிக்கிறது. விலை லட்சங்களில். பழையது வாங்குவதானால் இரண்டு பெட்டியும் பிறந்ததிலிருந்தே ஒரே ஜோடியா, ட்வீட்டரைச் சுற்றிய ஃபெல்ட் உதிராமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அண்ணன் இதை வாங்கவில்லை. அவர் நாகஸ்வரப் பித்தர், காலையும் மாலையும் அவருக்குத் தவில் வேண்டும். கடை அனுப்பியதில் குரல் சோதனையில் தேறிய அந்த எட்டு அங்குல வூஃபர் ஜோடியையே எடுத்துக்கொண்டார். சுவரிலிருந்து முன்னே இழுத்து வைத்த பிறகு இரைச்சலும் அடங்கிவிட்டது. அண்ணியின் குரலில் அது என் பெட்டிக்கு ஒரு படி கீழே, தவிலில் பல படி மேலே. அந்த வீட்டுக்கு அதுதான் சரியான தேர்வு.