கீழ்ப்படிதலும் வாய்ப்பூட்டும்



துறவற வாழ்வுக்குத் தம்மை அர்ப்பணிப்போர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை எடுக்கின்றனர் என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் படித்திருக்கின்றோம். இவற்றுள் முதல் இரண்டின் பொருளும் எளிதில் விளங்கிவிடும். கீழ்ப்படிதல் அவ்வாறன்று. இறைவனுக்காக ஒருவர் தமது விருப்பத்தை இன்னொரு மனிதரின் கையில் ஒப்படைக்கின்றார். அந்தக் கை எத்தகையது என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

அக்கேள்வியை எழுப்புவதே பிழை என்று கற்பிக்கும் குழுக்கள் உலகில் பல உள்ளன. அத்தகைய குழு என்றதும் நமது எண்ணம் உடனே பிற சபைகளின் பக்கம் செல்கின்றது. ஆனால் நமது திருச்சபையின் உள்ளேயே, திருப்பீடத்தின் அங்கீகாரத்தோடு வளர்ந்த ஒரு துறவற சபையிலும் அது நிகழ்ந்தது. அதிலிருந்து வெளியேறியவர்கள் சொன்னவற்றை இவ்வாரம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை இறைபணிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு அவர்களின் சாட்சியம் பெரிதும் பயன் தரும்.

நிறுவுனரும் அவரது சபையும்

மெக்சிக்கோ நாட்டைச் சேர்ந்த மார்சியால் மசியேல் 1920ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் 1941ஆம் ஆண்டில், குருப்பட்டம் பெறுவதற்கு முன்னரே, ஒரு சபையைத் தொடங்கினார். பின்னாளில் அது 'கிறிஸ்துவின் படையணியினர்' என்னும் பெயரைப் பெற்றது. நமது பங்குகளில் நற்பணியாற்றும் மரியாயின் சேனைக்கும் இச்சபைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை இங்கே தெளிவுபடுத்துதல் நன்று.

இச்சபை மெக்சிக்கோவிலிருந்து ஸ்பெயின், இத்தாலி, அயர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா எனப் பல நாடுகளுக்கும் பரவியது. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் எழுந்தன. 'ரெக்னும் கிறிஸ்தி' என்னும் பொதுநிலையினர் இயக்கமும் அதனோடு இணைந்து வளர்ந்தது. 2010ஆம் ஆண்டளவில் சபையில் ஏறத்தாழ 800 குருக்களும் 2,500 குருமாணவரும் இருந்தனர். இறையழைத்தல் குறைந்துவந்த காலத்தில் இவ்வளர்ச்சி பலரையும் வியக்க வைத்தது. நல்ல மரமே நல்ல கனி தரும் என்னும் ஆண்டவரின் போதனையை எடுத்துக்காட்டி, நிறுவுனரின் தூய்மைக்கு இவ்வளர்ச்சியே சான்று என்றனர்.

சபைக்குள் அவரை 'நமது தந்தை' என்றே அழைத்தனர். இல்லங்களில் அவரது படங்கள் இருந்தன. அவரது கடிதங்கள் தியானப் பொருளாயின. உணவு உண்ணும் முறை, நடக்கும் முறை, தலைமுடி வாரும் முறைவரை நுணுக்கமான விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. வீட்டாருக்கு எழுதும் கடிதங்களை முதல்வர்கள் வாசித்தார்கள். வீட்டுக்குச் சென்றுவரும் வாய்ப்போ அரிது. நற்பழக்கமாகவே தோன்றிய இவை ஒவ்வொன்றும், ஒன்றோடொன்று சேர்ந்தபோது, வெளியுலகின் காற்றே புகாத ஓர் அறையாக மாறின என்று முன்னாள் உறுப்பினர்கள் நினைவுகூர்ந்தனர்.

மறைவான ஒரு வார்த்தைப்பாடு

மூன்று வார்த்தைப்பாடுகளுக்கு மேலாக, இச்சபையினர் தனிப்பட்ட முறையில் மேலும் ஒன்றை எடுத்தனர். முதல்வர்களைப் பற்றியோ அவர்களின் ஆட்சிமுறையைப் பற்றியோ எக்காலத்திலும் குறைகூறேன் என்பது அதன் முதற் பகுதி. அவ்வாறு குறைகூறுபவரைக் கண்டால் முதல்வரிடம் அறிவிப்பேன் என்பது மறுபகுதி. அன்பைக் காப்பதற்கான வாக்குறுதி என்றே அது அவர்களுக்கு விளக்கப்பட்டது.

இது எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே இல்லத்தில் வாழும் இருவர் ஒரே கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம். ஆயினும் ஒருவரது துயரம் மற்றவருக்குத் தெரிய வழியில்லை. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே ஒவ்வொருவரும், இத்துன்பம் தனக்கு மட்டுமே நேர்ந்தது, தவறும் தன்னுடையதே என எண்ணிக்கொண்டனர். பூட்டிய கதவோ காவலாளியோ அங்கே தேவைப்படவில்லை. பக்தியுள்ள இளைஞனின் மனச்சாட்சியே அவனுக்குச் சிறையாயிற்று.

இறையழைத்தல் பற்றிய போதனையும் இதே நோக்கத்துக்குத் துணைசெய்தது. நித்தியத்திலிருந்தே இறைவன் உன்னை இச்சபைக்கென்று தெரிந்துகொண்டார். வெளியேறினால் உன் மீட்பே ஐயத்துக்குரியது என்று தாம் கற்பிக்கப்பட்டதாகப் பலர் கூறினர். வெளியேறியவரின் பெயர் அதன்பின் இல்லத்தில் உச்சரிக்கப்படுவதில்லை. எஞ்சியிருந்தோருக்கு அந்த மௌனமே எச்சரிக்கையாக அமைந்தது.

பேசத் துணிந்தவர்கள்

மசியேலின் நடத்தை பற்றியும் போதை மருந்துப் பயன்பாடு பற்றியும் முறைப்பாடுகள் எழுந்ததால், 1956ஆம் ஆண்டில் அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். திருப்பீடத்தின் விசாரணையாளர்கள் இளம் குருமாணவரைத் தனித்தனியே அழைத்து வினவினர். உண்மையை அறிந்திருந்த சிறுவர் பலரும் அதை மறைத்தனர். 'நமது தந்தையை'க் காப்பது இறைவனின் பணியைக் காப்பதாகும் என அவர்கள் நம்பினர். 1959இல் மசியேல் மீண்டும் பொறுப்பேற்றார். தமக்கு இழைக்கப்பட்ட தீங்கோடு, அன்று பொய் கூறிய பாரமும் சேர்ந்து தம்மை வருத்தியதாக அவர்களுட் சிலர் முதுமையில் கூறினர். ஒரு குழந்தையைத் துன்புறுத்தி, அதன் பின்னர் துன்புறுத்தியவரைக் காக்கும் சுமையையும் அக்குழந்தையின் தோளிலேயே ஏற்றுவதை எந்தப் பெயரால் அழைப்பது?

அவர்களுள் ஒருவர் ஹுவான் வாக்கா. பத்து வயதளவில் சபைக்குச் சேர்க்கப்பட்ட அவர், பின்னர் குருவாகி, ஐக்கிய அமெரிக்காவில் சபையின் முதல்வராகவும் பணியாற்றினார். 1976இல் சபையை விட்டு விலகியபோது, சிறுவயது முதல் தாம் அனுபவித்த பாலியல் துஷ்பிரயோகத்தை மசியேலுக்கே நீண்ட கடிதமாக எழுதினார். பாதிக்கப்பட்ட ஏனையோரின் பெயர்களையும் அதிற் குறிப்பிட்டார். அவரது முறைப்பாடு ஆயர் ஊடாக உரோமைக்கும் சென்றது. பலன் ஒன்றும் விளையவில்லை.

1994ஆம் ஆண்டு இறுதியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மசியேலை இளையோரின் சிறந்த வழிகாட்டி எனப் பாராட்டிய மடல், மெக்சிக்கோ நாட்டுப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. நடந்ததைத் திருத்தந்தை அறியார் என உணர்ந்த முன்னாள் உறுப்பினர்கள், இனியும் மௌனம் காப்பது தகாது எனத் தீர்மானித்தனர். 1997 பெப்ரவரியில், 'ஹார்ட்போர்ட் கூரண்ட்' என்னும் அமெரிக்க நாளேட்டில் ஒன்பது பேரின் சாட்சியம் வெளிவந்தது. அவர்களுட் பலர் அறுபதை அண்மித்த, சமூகத்தில் மதிப்புப் பெற்ற மனிதர்கள். அவர்கள் இழப்பீடு கோரி வழக்குத் தொடரவில்லை. திருச்சபை உண்மையை அறியவேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

1998இல், மெக்சிக்கோவில் பேராசிரியராயிருந்த ஹொசே பார்பா முதலானோர் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தில் முறைப்படி முறைப்பாடு செய்தனர். தாம் சீரழித்த இளைஞருக்கு மசியேல் தாமே பாவமன்னிப்பும் வழங்கினார் என்பது அதன் சாரம். சபையோ அனைத்தையும் மறுத்து, இது பொறாமை கொண்டோரின் சதி என்றது. 2004ஆம் ஆண்டு இறுதியில்தான், பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் இராட்சிங்கர் இவ்விசாரணையை முன்னெடுத்தார். அடுத்த ஆண்டில் அருட்தந்தை சார்ள்ஸ் சிக்லூனா நியூயோர்க்குக்கும் மெக்சிக்கோவுக்கும் சென்று சாட்சியங்களைக் கேட்டுப் பதிவுசெய்தார்.

2006 மே மாதத்தில், முதுமையும் நோயும் கருதி வழக்கு விசாரணை தவிர்க்கப்பட்டு, பகிரங்கப் பணிகள் அனைத்தையும் விட்டு செபத்திலும் தவத்திலும் வாழுமாறு மசியேல் பணிக்கப்பட்டார். 2008 ஜனவரியில் அவர் இறந்தார். அவருக்கு ஒரு மகள் இருந்ததை 2009இல் சபை ஒப்புக்கொண்டது. அவரது ஆன்மீக நூல் எனப் போற்றப்பட்டு உறுப்பினர் தியானித்து வந்த ஒரு நூல், லூயிஸ் லூசியா என்னும் ஸ்பானிய அரசியல்வாதி எழுதியதன் பெரும்பகுதியை அவ்வாறே எடுத்தாண்டது என்பதும் வெளியாயிற்று. 2019 டிசம்பரில் சபை தானே வெளியிட்ட அறிக்கை, 1941 முதல் சபையின் 33 குருக்களால் 175 சிறார் துஷ்பிரயோகம் செய்யப்பட்டனர் என்றது. அவர்களுள் குறைந்தது 60 பேர் மசியேலால் பாதிக்கப்பட்டவர்கள். குற்றம் புரிந்த அந்த 33 பேரில் 14 பேர் முன்னர் அதே சபையில் பாதிக்கப்பட்டவர்கள் என்னும் செய்தி நெஞ்சை உலுக்குகின்றது.

கீழ்ப்படிதல் எது, அடிமைத்தனம் எது?

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடே ஆபத்தானதோ என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. திருச்சபையின் மரபு இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகின்றது. முதல்வர்கள் தமது பொறுப்பில் உள்ளோரின் மனச்சாட்சியைத் தம்மிடம் வெளிப்படுத்தத் தூண்டலாகாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் காலத்தில், 1890இலேயே திருப்பீடம் ஆணையிட்டது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதையே கூறிற்று. தற்போதைய சட்டத்தின் 630ஆம் பிரிவு, ஒப்புரவு அருளடையாளத்திலும் ஆன்ம வழிகாட்டலிலும் துறவியருக்கு உரிய சுதந்திரத்தை முதல்வர்கள் மதிக்கவேண்டும் என்கின்றது. தாமாக விரும்பிக் கேட்டாலன்றி, முதல்வர் தம் கீழ் உள்ளவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது என்றும் தடுக்கின்றது.

ஏன் இந்தத் தடை? ஒருவரின் பணியையும் இருப்பிடத்தையும் எதிர்காலத்தையும் தீர்மானிப்பவரே அவரது உள்ளத்தின் இரகசியங்களையும் அறிந்திருந்தால், அவருக்கு எதிராக நிற்க எவராலும் முடியாது. உண்மையான கீழ்ப்படிதலில் எப்போதும் இன்னொரு கதவு திறந்திருக்கும். தாம் தேர்ந்துகொண்ட குருவிடம் செல்லலாம். ஆயருக்கு எழுதலாம். பெற்றோரிடம் மனம் விட்டுப் பேசலாம். இக்கதவுகள் அனைத்தும் அடைக்கப்படும்போது, அதற்கு எவ்வளவு புனிதமான பெயரைச் சூட்டினாலும், அது அடிமைத்தனமே.

திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அந்த மறைவான வார்த்தைப்பாட்டை நீக்கினார். 2009இல் ஐந்து ஆயர்கள் சபையை ஆராய்ந்தனர். 2010 மே முதலாம் திகதி திருப்பீடம் வெளியிட்ட அறிக்கை, மசியேலின் செயல்களை உண்மையான குற்றங்கள் என்றது. ஐயம் எழுப்பியோரை இழிவுபடுத்தி ஒதுக்கியதும், சபை செய்யும் நன்மைக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற தவறான எண்ணமும் அவரைச் சுற்றி ஒரு பாதுகாப்பு அரணை எழுப்பியிருந்தன எனச் சுட்டிக்காட்டியது. கர்தினாலாக உயர்த்தப்பட்ட வெலாசியோ தெ பவோலிஸின் மேற்பார்வையில் சபை சீரமைக்கப்பட்டு, 2014இல் புதிய சட்டவமைப்பு அங்கீகாரம் பெற்றது. நிறுவுனரின் மறுபக்கத்தை அறியாது நேர்மையாக உழைத்த குருக்கள் பலர் அதில் உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆயினும் இப்பாடம் ஒரு சபையோடு முடிந்துவிடவில்லை. பெரு நாட்டில் 1971இல் தொடங்கப்பட்ட 'சொடாலிசியம்' என்னும் அமைப்பும், அதன் முன்னாள் உறுப்பினர்கள் பல ஆண்டுகள் குரலெழுப்பிய பின்னர், 2025 ஏப்ரலில் திருப்பீடத்தால் கலைக்கப்பட்டது.

பெற்றோரின் கடமை

பிள்ளையைத் துறவற இல்லத்துக்கோ, செபக் குழுவுக்கோ, புதிய இயக்கத்துக்கோ அனுப்பும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. பிள்ளை தான் விரும்பும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முடிகின்றதா? அவர்களின் கடிதத்தையும் தொலைபேசி உரையாடலையும் வேறு எவரேனும் கண்காணிக்கின்றனரா? தலைவரின் பெயர் ஆண்டவரின் பெயரை விட அதிகமாக ஒலிக்கின்றதா? வெளியேறியவர்களைப் பற்றி அங்கே எவ்வாறு பேசுகின்றனர்? வெளிப்படையான இல்லம் இக்கேள்விகளை வரவேற்கும். கேட்டதற்காகச் சினம் கொள்ளும் இல்லத்தைப் பற்றி எச்சரிக்கையாயிருப்பது நன்று. அதுபோலவே, பிள்ளை வீடு திரும்ப விரும்பினால், ஊராரின் பேச்சுக்கு அஞ்சி மீண்டும் அங்கே தள்ளிவிடாது, முதலில் அமர்ந்து கேளுங்கள்.

ஆண்டவர் குறிப்பிட்ட கனி எண்ணிக்கையன்று. ஆட்களின் தொகையும் கட்டடங்களும் செல்வமும் தீய கையினாலும் சேர்க்கப்படலாம். அன்பு, உண்மை, பொறுமை, சுதந்திரம் ஆகியவற்றை எவரும் அவ்வாறு சேர்த்துவிட முடியாது. மண்ணுலகில் எவரையும் தந்தை என அழைக்காதீர்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு கூறியது, மனிதர் எவரும் இறைவனின் இடத்தில் அமரலாகாது என்பதற்காகவே. குருக்களாகிய எங்களுக்கே அவ்வார்த்தை முதலில் உரியது.

சபைத் துரோகிகள் எனத் தூற்றப்பட்ட அம்முன்னாள் உறுப்பினர்களை, 2010ஆம் ஆண்டின் அதே அறிக்கையில் திருத்தந்தை நினைவுகூர்ந்தார். பெரும் இடர்களின் மத்தியிலும் உண்மையைக் கோரும் துணிவும் விடாமுயற்சியும் கொண்டிருந்தோருக்கு நன்றி தெரிவித்தார். அந்த நன்றி அவர்களுட் சிலர் இறந்த பின்னரே வந்தது. நம் மத்தியில் அழுகின்ற ஒரு சிறு குரலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க நேராதிருக்க, நல்லாயனாம் இயேசு நமது செவிகளைத் திறந்தருள்வாராக.