மில் சங்கு இல்லாத வாழ்க்கை: பெரியவர்களிடமும் தொடரும் ஏடிஹெச்டி

சங்கு ஊதியவரை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஷிப்டுக்குச் சங்கு ஊதும், கிளம்பிப் போவார். மேஸ்திரி காட்டும் இடத்தில் நிற்பார். நூல் அறுந்தால் உடனே கண்ணில் படும், ஒட்டிவிடுவார். அடுத்த ஷிப்டுக்காரர் வந்ததும் வீடு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லில் ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் பொழுதை ஆலைதான் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பிரிவுக்குள் இருந்தவரை நம்மவர் மேல் யாருக்கும் புகார் இல்லை.

நாற்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டுச் சத்திரப்பட்டியில் சொந்தமாகப் பேண்டேஜ் துணித் தொழில் தொடங்குகிறார். ஆறே மாதத்தில் எல்லாம் தாறுமாறாகிறது. ப்ளீச்சிங்குக்குப் போக வேண்டிய துணி மூலையில் கிடக்கிறது. பில்லெல்லாம் ஒரு மஞ்சப்பையில் சேர்ந்துகொண்டே போகிறது. ஜிஎஸ்டி கணக்கை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும் என்று தெரியும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் ஏறும் என்பதும் தெரியும். தினமும் காலையில் அந்தப் பையைப் பார்க்கிறார், வயிற்றைப் பிசைகிறது, வேறு வேலைக்குப் போய்விடுகிறார். இரவு தூக்கம் வருவதில்லை. “மில்லுல நல்லாத்தான் இருந்தாரு, சொந்தத் தொழில்னதும் சோம்பேறி ஆயிட்டாரு” என்கிறது ஊர். மெல்ல அவரும் அதை நம்பத் தொடங்குகிறார்.

இவருக்குப் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. சின்ன வயதிலிருந்தே இருந்த ஒரு குறையை ஆலையின் ஒழுங்கு இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்திருந்தது. அது விலகியதும் குறை வெளியே தெரிகிறது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு பெரியவர்களிடம் கண்ணில் படும் வழிகளில் இது ஒன்று. வேலை மாறும்போது, திருமணமாகும்போது, தாங்கி நின்ற பெற்றோர் இல்லாமல் போகும்போது அது வெளிப்படும்.

தெரிந்தும் செய்ய முடியாமல் போவது

ஏடிஹெச்டி என்றதும் வகுப்பில் உட்கார முடியாமல் ஓடும் பையன்தான் நினைவுக்கு வருகிறான். அவன் வளர்ந்ததும் ஓட்டம் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் பரபரப்பும் தடுமாற்றமும் பலருக்கு அடங்குவதில்லை. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், இதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. மகனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த அப்பா, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தன்னையே அடையாளம் காண்பது அதனால்தான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்குச் சில பொறுப்புகள் உண்டு. ஒரு வேலையைத் தொடங்குவது, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவது, சொன்னதை மனதில் பிடித்து வைத்திருப்பது, நேரம் போவதை உணர்வது, வாய் முந்தாமல் அடக்குவது, கோபத்தைத் தணிப்பது. இவற்றை மொத்தமாக நிர்வாகத் திறன் என்கிறார்கள். டோபமின், நார்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருட்கள் அங்கே சரியாக வேலை செய்யாதபோது இந்த நிர்வாகம் ஆட்டம் காண்கிறது. அறிவு அப்படியே இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல வருஷங்களாக அழுத்திச் சொல்வது இதைத்தான்: என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். அதனால்தான் அறிவுரை எடுபடுவதில்லை. மஞ்சப்பையைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதை நம்மவருக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திருவிழாவில் மட்டும் வரும் வேகம்

வீட்டாரைக் குழப்புவது வேறொன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஒரு பால்கோவா கடையைப் பாருங்கள். கூட்டம் நெருக்குகிறது, எடை போட ஆள் போதவில்லை, சில்லறை இல்லை. இந்தக் குறை உள்ள இளைஞர் அங்கே நாலு ஆள் வேலையை ஒருவராகப் பார்ப்பார். அடுத்த வாரம் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னால் நகர மாட்டார். “திருவிழான்னா ஓடியாடிப் பாக்குறான், எழுதச் சொன்னா மட்டும் வலிக்குதா?” என்று அப்பா கேட்பது நியாயமாகத்தான் படும்.

அடுப்பில் இருக்கும் பாலைக் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும், அந்த நிமிடமே தெரிந்துவிடும். வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் அந்த நிமிடமே சத்தம் போடுவார். அவசரமும் ஆர்வமும் உடனடி விளைவும் இருக்கும் இடத்தில் இந்த மூளை விழித்துக்கொள்கிறது. கணக்கு நோட்டின் விளைவு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அவ்வளவு தூரத்தில் இருப்பது அவர் மூளையைத் தொடுவதில்லை. பிடித்த வேலையை மணிக்கணக்கில் செய்கிறார் என்பதை வைத்து ஏடிஹெச்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பெண்கள் மறைத்துச் சுமப்பது

பெண்களுக்கு இது கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் தாமதம். பள்ளியில் அவர்கள் ஓடவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சமையல், பிள்ளைகள், மாமியாரின் மருந்து வேளை, சீட்டுப் பணம், விசேஷ வீட்டு மொய் என்று நூறு காரியத்தை ஒரே தலையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பால் பொங்கி வழிகிறது, சாவி காணாமல் போகிறது. “பொம்பளைக்கு இது கூடவா தெரியாது?” என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பாடுபட்டு அதை மறைக்கிறார்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் தடுமாற்றம் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். கடைசியில் பதற்றம், மனச்சோர்வு என்று மருத்துவரிடம் வருகிறார்கள். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து தந்து அனுப்பினால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. மனநல மருத்துவர் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அது முதல் கட்டச் சல்லடை, அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். எனவே பழைய பள்ளி ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, குடி ஆகியவையும் இதேபோல் கவனத்தைச் சிதைக்கும். நாற்பது வயதில்தான் திடீரென்று மறதி தொடங்கியது என்றால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டுத் தானே முடிவு கட்டிக்கொள்வது இப்போது பெருகியிருக்கிறது. அது ஆபத்தானது.

மாத்திரை பற்றிய பயம்

மீதைல்பெனிடேட் என்ற மருந்துதான் அதிகம் தரப்படுவது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்காது. “அப்படின்னா போதை மாத்திரையா?” என்று குடும்பம் பதறுகிறது. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் சாப்பிடுபவர் அடிமையாவார் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். எனவே இதய நோய், ரத்தக்கொதிப்பு, முன்பு வந்த மனநலப் பிரச்சினை, கர்ப்பம் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்ஸெடின் இருக்கிறது. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இரண்டாம் நாளே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மாதாமாதம் தேதி நினைவு வைத்து, பஸ் ஏறி, சீட்டு வாங்கி வருவதுதான் இவர்களால் முடியாத காரியமே. சம்பள நாள், கேஸ் புக்கிங் என்று ஏற்கெனவே வீட்டில் நடக்கும் ஒன்றோடு அந்தத் தேதியைச் சேர்த்து, இன்னொருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

சங்கை வீட்டுக்குள் கொண்டுவருவது

மாத்திரை மூளையைத் தயார்படுத்தும், பையைப் பிரித்துத் தராது. 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை சாப்பிட்டும் தொல்லை மீதமிருந்த 86 பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு, திட்டமிடவும் தள்ளிப்போடாமல் இருக்கவும் நடத்தை சார்ந்த உளவியல் பயிற்சி தந்தார்கள். மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியும் பொதுவான ஆதரவும். முதல் பிரிவில் தேறியவர்கள் தெளிவாக அதிகம்.

நம் பேண்டேஜ்காரருக்கு அந்தப் பயிற்சி எப்படி இருக்கும்? “ஜிஎஸ்டி போடணும்” என்று எழுதி வைப்பது வேலைக்கு ஆகாது. “பையை மேசையில் கொட்டு” என்பதுதான் முதல் வேலை. அதோடு அன்று நிறுத்தினாலும் சரி. கடைசித் தேதிக்கு அலாரம் வைப்பதால் பயனில்லை, தொடங்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும், போனை எழுந்து நடந்துபோய் அணைக்கும் தூரத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பக்கத்தில் ஒரு ஆள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கணக்குப் பிள்ளை நேரில் வந்து அருகே உட்கார்ந்தால் போதும், மாதக்கணக்கில் நகராதது ஒரு மணி நேரத்தில் நகரும். மில்லில் மேஸ்திரியும் சங்கும் செய்த வேலை இது. அதைக் காசு கொடுத்து வாங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. கரண்ட் பில், கடன் தவணையெல்லாம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடலாம். அலமாரிக்குள் போன காகிதம் இவர்களுக்கு இல்லாத காகிதம், ஆகவே பில்கள் சுவரில் கிளிப்பில் தொங்கட்டும்.

மனைவியைக் காவல்காரி ஆக்குவதை நான் ஏற்கவில்லை. வீடு முழுக்க சண்டைதான் மிஞ்சும். “ஏங்க, இன்னும் செய்யலையா?” என்பதற்குப் பதில் “என்னங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க? நான் பக்கத்துல உக்காந்து பூ கட்டவா?” என்று கேட்பது எவ்வளவோ மேல்.

எங்கே போவது

அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று விசாரியுங்கள். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. சின்ன ஊர், நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் வேண்டாம். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். இதைப் படித்து முடித்த கையோடு அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து எண்ணை அழுத்தச் சொல்லுங்கள்.