சட்ட ஆய்வில் சான்றுகளின் நடப்பு நிலை
சட்ட ஆய்வுச் சான்றுகள் இருவகைப்படும். அரசமைப்பு, சட்டங்கள், விதிகள், தீர்ப்புகள் ஆகியன முதன்மைச் சான்றுகள். உரைநூல்கள், ஆய்விதழ்கள், சட்ட அகராதிகள் ஆகியன துணைமைச் சான்றுகள். பின்னவை ஆய்வாளருக்கு வழிகாட்டுவனவேயன்றி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவன அல்ல.

முதன்மைச் சான்றைக் கண்டறிவதோடு ஆய்வுப்பணி முடிவதில்லை. அது இன்றும் செல்லுபடியாகிறதா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது. தனியுரிமை அடிப்படை உரிமையன்று என்பது 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைக் கருத்து. 2017இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்கருத்தை நீக்கித் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றது. அதற்கு முந்தைய உரைநூலை மட்டும் நம்பும் ஆய்வேடு, செல்லாத கருத்தையே நடப்புச் சட்டமாக உரைக்கும். எனவே, இந்தியா கோட் தளத்தில் சட்டத் திருத்தங்களையும், உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் பிற்காலத் தீர்ப்புகளையும் ஒப்புநோக்கிய பின்னரே மேற்கோள் காட்டுதல் முறையாகும்.